கல்லூரிப் பாடம் தேயிலை ஃபேக்டரியில் எங்கே கைகொடுக்கிறது?

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கல்லூரியில் படிக்கிறதில் எதுவாவது நாளைக்கு வேலையில் உதவுமா? கோத்தகிரியில் இலை ஏஜென்டாக இருக்கிற என் மாமா, பரீட்சை முடிந்த மறுநாள் எல்லாம் மறந்துவிடும், மிஞ்சுவது சர்டிபிகேட் மட்டும்தான் என்கிறார். எனக்கு நீலகிரியிலேயே வேலை பார்க்க ஆசை. உள்ளதைச் சொல்லுங்கள்."

நானும் வேதியியல்தான் படித்தேன். குன்னூர்ப் பக்கம் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரியில் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சொந்தத் தோட்டம் இல்லாமல், சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புகிற ஃபேக்டரிக்கு அந்தப் பெயர்.

உங்கள் மாமா சொல்வது முழுக்கத் தப்பில்லை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் விழுந்து விழுந்து மனப்பாடம் செய்த நேம் ரியாக்‌ஷன்களில் ஒன்றுகூட இந்த வேலையில் எனக்குத் தேவைப்பட்டதில்லை. என்.எம்.ஆர். உச்சிகளைப் பார்த்து மூலக்கூறைக் கண்டுபிடிக்கிற கணக்கும் அப்படித்தான். மருந்துக் கம்பெனிக்குப் போகிறவருக்கோ ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கோ அது சோறு போடும். மலையில் தங்குகிறவருக்குப் போடாது. இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

ஆனால் பாடத்திட்டத்தில் எது பெரியது, எது சிறியது என்று வகுப்பில் நாம் வைத்திருக்கிற வரிசை வேலைக்கு வந்ததும் தலைகீழாகிவிடுகிறது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பெரிய பாடங்கள் தூங்கிவிடும். ஒப்புக்குப் படித்த துணைப்பாடப் புள்ளியியல், பிராக்டிகல் ரெக்கார்டு, முதல் வருடத்து விழுக்காட்டுக் கணக்கு, இவைதான் தினமும் வந்து நிற்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பச்சை இலை 100 கிலோ வருகிறது. அதில் 78 விழுக்காடு தண்ணீர். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. ரோலருக்குப் போகும் முன் இலையை வாட்டி, தண்ணீரை 70 விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறோம். வாடிய இலை எத்தனை கிலோ இருக்கும்? வேலைக்குப் புதிதாக வருகிற பட்டதாரிகளிடம் இதைக் கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் "92 கிலோ சார்" என்ற பதில்தான் சட்டென்று வரும். 78இலிருந்து 70 போனால் 8 குறைந்தது, 100இல் 8 போனால் 92. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. தண்ணீர்தான் ஆவியாகிறது, இலையின் திடப்பொருள் எங்கும் போகவில்லை. 100 கிலோவில் திடம் 22 கிலோ. வாடிய இலையில் அந்த 22 கிலோதான் 30 விழுக்காடு. ஆக, வாடிய இலை 73 கிலோ சொச்சம். 27 கிலோ தண்ணீர் வெறும் காற்றிலேயே வெளியேறியிருக்கிறது.

இதே கணக்கை இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள். டிரையரிலிருந்து வரும் தூளில் 3 விழுக்காடு ஈரம் இருக்கிறது என்றால், அதே 22 கிலோ திடம் 97 விழுக்காடு. தூள் 22.7 கிலோ. ஏறக்குறைய நாலரைக் கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரியும். டிரையர் விரட்ட வேண்டிய தண்ணீர் 73.3க்கும் 22.7க்கும் உள்ள வித்தியாசம், சுமார் 50 கிலோ. வாட்டும்போது 27 கிலோவுக்குப் பதில் 17 கிலோதான் போனது என்றால் மீதிப் பத்துக் கிலோவும் டிரையர் தலையில் விழும். தண்ணீர் ஆவியாக ஒரு கிலோவுக்கு 540 கிலோ கலோரி வேண்டும் என்று பிளஸ் டூவிலேயே படித்தோம். அந்த 540தான் விறகுச் செலவு. விறகு ஈரமாக வந்தால் அதன் ஈரத்தை ஓட்டவும் அதே 540. டன் கணக்கில் விறகு வாங்கும்போது தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம், பிறகு அந்தத் தண்ணீரை விரட்ட இன்னொரு தரம் கொடுக்கிறோம். இது புரிந்த மேலாளர் மழைக்காலத்துக்கு முன்பே விறகை வாங்கி, கூரைக்கு அடியில் அடுக்கிவிடுவார்.

இதெல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்குதானே, இதற்கு டிகிரி எதற்கு என்பீர்கள். கணக்கு எட்டாம் வகுப்புதான். எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் எட்டாம் வகுப்பில் வருவதில்லை. மூன்று வருடம் வேதியியல் கணக்குப் போட்டவருக்கு அது தன்னால் வரும்.

இந்தப் பழக்கம் ஒருவர் மானத்தையே காப்பாற்றும். அக்டோபர், நவம்பர் என்றால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. இலை நனைந்தே வரும். 100 கிலோ என்று எடை போட்டு இறக்கிய மூட்டையில் 10 கிலோ இலைமேல் ஒட்டிய மழைத்தண்ணீர் என்று வையுங்கள். உண்மையான இலை 90 கிலோ, திடம் 19.8 கிலோ, தூள் 20.4 கிலோ. வழக்கமாக வருகிற 22.7 எங்கே, இது எங்கே! ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கிலோ இலை ஓட்டுகிற ஃபேக்டரியில் 220 கிலோவுக்கு மேல் தூள் குறையும். முதலாளி கோயம்புத்தூரில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவராக இருந்தால் அவருக்குத் தெரிவது ஒன்றுதான்: தூள் திருட்டுப் போகிறது. நைட் ஷிப்டில் நின்றவர்கள்மேல் சந்தேகம் விழும். அந்த நேரத்தில் ஒரு தாளில் இந்த நாலு வரிக் கணக்கைப் போட்டுக் காட்ட ஒருவர் வேண்டும். அதே கணக்கு எதிர்ப்பக்கமும் வெட்டும். வெயில் காலத்திலும் அவுட் டர்ன், அதாவது 100 கிலோ இலைக்குக் கிடைக்கும் தூள், 20 என்று வந்தால் அதை மழைமேல் போட முடியாது.

அடுத்தது விலைச் சண்டை. இலை ஏஜென்ட் என்கிற முறையில் உங்கள் மாமாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். ஏலத்தில் தூளுக்குக் கிடைக்கும் விலையில் 65 பங்கு இலை கொடுத்த விவசாயிக்கு, 35 பங்கு ஃபேக்டரிக்கு என்பது தேயிலை வாரியத்தின் விலைப் பகிர்வு. கேட்க எளிது. ஆனால் ஏலத்தில் கிடைத்த விலை என்பது எது? உதாரணத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். டஸ்ட் எனப்படும் பொடி ரகத் தூள் 1000 கிலோ, கிலோ 150 ரூபாய்க்குப் போனது. இலை ரகம் எனப்படும் பெரிய துகள் தூள் 3000 கிலோ, 100 ரூபாய்க்குப் போனது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி 125. டீக்கடையில் உட்கார்ந்து ஏல விலைப் பட்டியலைப் படிக்கிறவர்கள் போடுவது இந்தக் கணக்குதான். ஆனால் விற்ற மொத்தப் பணம் நாலரை லட்சம், மொத்த எடை 4000 கிலோ, கிலோவுக்கு வந்தது 112 ரூபாய் 50 காசு. இதில் 65 விழுக்காடு எடுத்து, 23 விழுக்காடு அவுட் டர்னால் பெருக்கினால் பச்சை இலைக்கு 16 ரூபாய் 80 காசு. 125ஐ வைத்துப் பெருக்கினால் 18 ரூபாய் 70 காசு. கிலோவுக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய் வித்தியாசம். மாதம் ஆயிரம் கிலோ கொடுக்கிற விவசாயி, ஃபேக்டரி தன்னிடம் இரண்டாயிரம் ரூபாயை அமுக்கிவிட்டது என்று நம்புவார். துணைப்பாடப் புள்ளியியலில் "எடையிட்ட சராசரி" என்று இரண்டு மார்க் கேள்வியாக வருகிறதே, அது இவ்வளவுதான். அதைப் பொறுமையாக, விவசாயிக்குப் புரியும் விதமாகச் சொல்லத் தெரிந்தவர் ஃபேக்டரிக்கு எவ்வளவு வேண்டியவர் தெரியுமா? விவசாயிகள் பக்கம் நின்று பேசுகிறவருக்கும் இது வேண்டும். சில இடங்களில் ஏமாற்று நடப்பதும் உண்டு. எது ஏமாற்று, எது கணக்குப் பிழை என்று பிரிக்கத் தெரியாமல் சண்டைக்குப் போனால் நியாயமான சண்டையும் தோற்கும்.

புள்ளியியலில் இன்னொன்று, மாதிரி எடுப்பது. வருகிற இலையில் எவ்வளவு இளங்கொழுந்து, எவ்வளவு முற்றிய இலை என்று எண்ணித்தான் தரம் போடுகிறோம். மூட்டையின் வாயைத் திறந்து மேலே இருக்கிற ஒரு பிடியை எடுத்தால் என்ன கிடைக்கும் என்று மூட்டை கட்டினவருக்குத் தெரியாதா? மேலே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அழகாக இருக்கும், அடியில் பாஞ்சி, அதாவது வளர்ச்சி நின்றுபோன கொழுந்து. கொஞ்சம் அடியில், கொஞ்சம் நடுவில், வெவ்வேறு மூட்டையில், முன்கூட்டித் தீர்மானிக்காத இடத்தில் கைவிட வேண்டும். "ரேண்டம் சாம்பிளிங்" என்று பாடத்தில் இருப்பதும் இதுதான்.

சரி, இயற்பியலுக்கு வருவோம். ஆய்வகச் சுவரில் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி என்று இரட்டையாக ஒன்று தொங்கும். அதை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இலை வாட்டுகிற லாஃப்டில் எல்லாமே அதை நம்பித்தான் நடக்கிறது. இரண்டு குமிழுக்கும் நடுவே எத்தனை டிகிரி வித்தியாசம் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் காற்றுக்குத் தாகம். வித்தியாசம் சுருங்கினால் விசிறியை விடிய விடிய ஓட்டினாலும் இலை வாடாது, கரண்ட் பில்தான் ஏறும். சூடான காற்றைக் கலந்தே ஆக வேண்டும். இதில் ஒரு சின்னச் சங்கதி. ஈரக்குமிழைச் சுற்றியிருக்கும் திரி காய்ந்துபோனாலோ தூசி படிந்து கெட்டியானாலோ இரண்டும் ஒரே அளவைக் காட்டும். அதைப் பார்த்து "காற்று முழுக்க ஈரம்" என்று ஹீட்டரைப் போடுகிறவர்களும் உண்டு. வெளியே பார்த்தால் வெயில் சுள்ளென்று அடிக்கும். கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர் முதலில் திரியைத் தொட்டுப் பார்ப்பார்.

இனி டீ மேக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை விட்டுவிட்டு இந்தப் பதிலை எழுதினால் அது பட்டதாரியின் தற்பெருமையாகிவிடும். எங்கள் டீ மேக்கர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். ரோலரில் அரைபட்டு வந்த தூளைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, டிரையருக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்வார். "மணி பாத்து எடுத்தா டீ வராது சார், மோந்து பாத்து எடுக்கணும்" என்பது அவர் எல்லோருக்கும் சொல்கிற பாடம்.

அவர் மூக்குக்குத் தெரிவது புத்தகத்தில் வேறு பாஷையில் இருக்கிறது. முழு இலையில் பாலிபீனால்கள் செல்லுக்குள் ஒரு அறையில் இருக்கின்றன, பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் இடத்தில் இருக்கிறது. ரோலரில் செல் கிழிந்ததும் இரண்டும் கலக்கின்றன, காற்றின் ஆக்சிஜன் சேர்கிறது, அந்தப் பாலிபீனால்களில் முக்கியமான கேட்டெச்சின்கள் தியாஃபிளேவின்களாக மாறுகின்றன. டீக்குப் பளிச்சென்ற நிறமும் நாக்கைச் சுண்டுகிற வேகமும் தருபவை அவை. விட்டுவைத்தால் தியாருபிஜின்கள் கூடிக்கொண்டே போகும். நிறம் அடர்த்தியாகும், வேகம் மழுங்கும். தியாஃபிளேவின் ஏறி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்குவதற்குள் டிரையரில் போட்டு நொதியைக் கொல்ல வேண்டும். டீ மேக்கர் அந்த உச்சியை மூக்கால் பிடிக்கிறார்.

சாதாரண நாட்களில் நான் படித்தது எதுவும் அவருக்குத் தேவையில்லை. அவர் இல்லாத இரவிலும் வழக்கமில்லாத இரவிலும்தான் அது வேண்டியிருக்கிறது. ஜனவரியில் உறைபனி விழுகிற ராத்திரி. ஃபேக்டரிக்குள்ளேயே 10, 12 டிகிரி. நொதிக்குப் பிடித்தது 24 முதல் 27 டிகிரி. அவர் லீவில் போயிருக்கிறார், அவருக்குப் பதில் நிற்கும் பையன் வழக்கமான மணிக்கணக்கில் தூளை எடுத்துவிடுகிறான். அடுத்த வாரம், தூளை ருசி பார்த்து ஏலத்தில் விற்றுத் தருகிற புரோக்கரின் அறிக்கையில் "பச்சையாக இருக்கிறது" என்று வரும். விலை விழும். குளிரில் நொதி மெதுவாக ஓடும், நேரத்தை நீட்ட வேண்டும் அல்லது தூள் கிடக்கும் இடத்தைச் சூடாக்க வேண்டும் என்று காரணத்தோடு ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்ட படித்தவர் வேண்டும். அனுபவம் ஒரு ஆளோடு வரும், அந்த ஆளோடு போகும். காரணம் தெரிந்தால் அதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்காதீர்கள்; ஃபேக்டரியில் அவர் சம்பளமும் என் சம்பளமும் பற்றி எனக்கே சில கருத்துகள் உண்டு.

பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டுக்கு வருகிறேன். நேரம், ஆரம்ப அளவு, இறுதி அளவு, தப்பாக எழுதினால் அழிக்காமல் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் திருத்துவது. இதையெல்லாம் ஆசிரியரின் கெடுபிடி என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆடிட்டர் வந்து உட்கார்ந்து கேட்பது இதே நோட்டைத்தான். எந்த நாள் எந்த லாட், டிரையர் உள்வெப்பம் என்ன, வெளிவெப்பம் என்ன, யார் பார்த்தது, யார் கையெழுத்து.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் "ரீடிங் சமைப்பது" என்று ஒரு கலை எல்லாத் தலைமுறைக்கும் தெரியும். விடை தெரியும், அதிலிருந்து பின்னோக்கிப் போய் பியூரெட் அளவை எழுதிவிடுவது. மூன்றும் 19.8, 19.8, 19.8. நிஜமாகச் செய்தவருக்கு 19.7, 19.9, 19.8 என்றுதான் வரும். பல தடவை நிஜமாக டைட்ரேஷன் செய்து, அளவு எப்படி ஆடும் என்று பார்த்த கண், சமைத்த எண்ணை ஒரே பார்வையில் பிடிக்கும். இரவு முழுவதும் மணிக்கொரு தரம் 26, 26, 26 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அந்த இரவு அங்கே யாரும் வெப்பமானியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆகவே தம்பி, ஆய்வகத்தில் உங்கள் அளவு தப்பாக வந்தால் தப்பாகவே எழுதுங்கள். மார்க் குறையலாம். அளவு ஏன் ஆடுகிறது என்று தேடுவதுதான் அங்கே நீங்கள் கற்கிற உண்மையான வேலை.

தூளில் சாயம் கலக்கிறார்கள் என்று அவ்வப்போது மலையில் சோதனை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நனைத்த வடிதாளில் கொஞ்சம் தூளைத் தூவினால், செயற்கைச் சாயம் இருக்கும் இடத்தில் உடனே கறை படர்ந்துவிடும். சுத்தமான தூள் பச்சைத்தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் விடாது. வகுப்பில் செய்த பேப்பர் குரோமடோகிராபியின் ஏழை உறவினர் இது. சாம்பல் 4 முதல் 8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், வெந்நீரில் இறங்கும் சாறு 32 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்ற தர விதிகளைச் சோதிக்கும் லேபில் நடப்பதெல்லாம் நீங்கள் செய்யும் எடைப் பகுப்பாய்வுதான். சிலிக்கா குரூசிபிளைச் சூடு ஆறும் முன் தராசில் வைக்கக் கூடாது என்று திட்டு வாங்கினீர்கள் அல்லவா, அந்தத் திட்டு நேராக வேலைக்கு வரும்.

தேயிலையை விட்டு வெளியே ஒரு உதாரணம். இது எனக்கு மிகவும் பிடித்தது. ஊட்டிப் பக்கம் காளான் வளர்க்கிறவர்கள் விதைக்காகத் தானியத்தை ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள். 15 பவுண்டு அழுத்தம் வைத்தால் 121 டிகிரி என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். அந்தக் கையேடு சமவெளியில் எழுதியது. மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும். சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தமே கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் மீட்டரில் 15 காட்டும்போது உள்ளே இருப்பது 117 டிகிரி சுமார். நாலு டிகிரிதானே என்று விட முடியாது. அந்த நாலு டிகிரியில் பிழைக்கிற பாக்டீரியா வித்துகள் உண்டு, விதைப் பையில் தானியம் பிசுபிசுத்து அழுகி நிற்கும். விதைக்காரன் ஏமாற்றிவிட்டான், கோதுமை சரியில்லை என்று பழி எங்கெங்கோ போகும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் பருப்பு வேக நேரமாகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே சங்கதி ஆட்டோகிளேவுக்குள்ளும் இருக்கிறது என்று இணைத்துப் பார்க்க, மீட்டர் காட்டும் அழுத்தத்துக்கும் முழு அழுத்தத்துக்கும் வித்தியாசம் படித்திருக்க வேண்டும். தெரிந்தவர் நேரத்தை நீட்டுவார். பாத்திரம் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் மட்டும் அழுத்தத்தைக் கூட்டுவார்.

மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. தேயிலைக்குப் பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. பரிசோதனைத் தாளில் 4.2 என்றும் பக்கத்துத் தோட்டத்துக்கு 4.8 என்றும் வந்தால், விவசாயி "பாயிண்ட் ஆறுதானே" என்பார். லாகரிதம் படித்தவருக்கு அது நாலு மடங்கு அமிலம். அமிலத்தைக் குறைக்க ஒரே அளவு டோலமைட் சுண்ணாம்பைப் போட்டும் ஒரு மண் திருந்துகிறது, இன்னொரு மண் அசையவில்லை என்றால், பஃபர் கரைசல் பாடம் ஞாபகம் வர வேண்டும். களியும் மக்கும் அதிகமுள்ள மண் எளிதில் இறங்கிக் கொடுக்காது. கேத்தியிலோ நஞ்சநாட்டிலோ உரக்கடை வைக்கப் போகிறவருக்கு இந்த ஒரு பாடமே மூலதனம்.

"வேலைக்கு நேராக உதவும் படிப்பை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதுமே" என்று ஒரு வாதம் அடிக்கடி கேட்கிறது. ஊட்டி இந்து நகரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1960இல் ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. வெள்ளி ஹாலைடு, ஜெலட்டின், இருட்டறையில் படலம் பூசுவது, இவையெல்லாம் அன்றைக்கு நேராக வேலைக்கு உதவிய அறிவு. டிஜிட்டல் வந்ததும் அந்த அறிவுக்கு வாங்குகிறவர் இல்லாமல் போனது, ஆலையும் மூடியது. அங்கே வேலை பார்த்த ஒருவர் பிறகு தேயிலைத் தர லேபுக்கு வந்தார். வெள்ளி ஹாலைடு அவருக்கு அங்கே எதற்கும் உதவவில்லை. கரைசலை ஒரு டிகிரி பிசகாமல் வைப்பது, ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, இவற்றை அப்படியே கொண்டுவந்தார். குறுகலான வேலைப் படிப்பு அந்த வேலை இருக்கும்வரைதான். அதனால்தான் கல்லூரிப் பாடம் கொஞ்சம் பொதுவாக, கொஞ்சம் வேலைக்கு ஒட்டாமல் இருப்பதை நான் குறையாகச் சொல்வதில்லை. பத்து வருடப் பழைய பாடத்தையே மாற்றாமல் ஓட்டுவதை மட்டும் குறை சொல்வேன்.

கல்லூரி சொல்லித்தராத பக்கமும் பெரிது. பகல் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு எடை போட வந்து நிற்கிற அக்காக்களிடம் "இலை சரியில்லை" என்று எப்படிச் சொல்வது, படுகர் ஊரில் போய் யாரிடம் முதலில் பேசுவது, ஏலப் பணம் வரும் முன்பே இலைப் பணம் கொடுக்க வேண்டிய மாதத்தை எப்படித் தள்ளுவது. கடைசிக் கேள்விக்கு பி.காம். படித்தவர்கள் நம்மைவிடத் தயாராக இருக்கிறார்கள். தமிழ் இலக்கியம் படித்த ஒருவர் எங்கள் பக்கத்துச் சிறு விவசாயிகள் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். ஒரு பக்கத்தில் கோரிக்கை, காரணம், வேண்டியது என்று தெளிவாக முடித்துவிடுவார். அவர் படித்ததை வீண் என்று யாராவது சொன்னால் அந்தச் சங்கம் சண்டைக்கு வரும்.

சர்டிபிகேட்டையும் இளக்காரமாகப் பேச வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, தேயிலை வாரியம், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் எதுவானாலும் பட்டதாரிக்கான வேலை என்றால் அது இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்? துணைப்பாடம் தேர்ந்தெடுக்க இடம் இருந்தால் புள்ளியியலை விடாதீர்கள். கணினியில் எக்செல் தாளைச் சரளமாகக் கையாளப் பழகுங்கள். நான் மேலே போட்ட கணக்கு எல்லாவற்றையும் அதில் ஒருமுறை போட்டு, ஈர அளவை மாற்றி மாற்றி என்ன ஆகிறது என்று பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இலை வரத்து கூடி ஃபேக்டரிகள் இரவும் ஓடும். அப்போது உங்கள் ஊர்க் கூட்டுறவு ஃபேக்டரியிலோ மாமாவுக்குத் தெரிந்த இடத்திலோ கேட்டு, சில இரவுகள் டீ மேக்கர் பக்கத்தில் நின்று பாருங்கள். கேள்வி கேட்பதற்கு முன் அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், படித்த திமிரைக் காட்டாதீர்கள், மூடிய செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், ரோலர் பக்கம் தொளதொள சட்டையோடு போகாதீர்கள். முக்கியமாக, செண்ட் அடித்துக்கொண்டு போய்விடாதீர்கள். தூள் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். டீ மேக்கர் உங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.